மலக்குடல் அறுவை மருத்துவராக என்ன படிக்க வேண்டும்? இந்தத் துறையை ஏன் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்?

கேட்டவர் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர். வீட்டில் "வேறு எதுவுமே கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறார்களாம். நான் டாக்டர் இல்லை. பதினான்கு வருடமாக ஸ்டோமா நர்ஸ். அறுவையில் குடலை வயிற்றின் மேல் திறந்து வைத்துப் பை பொருத்தியவர்களுக்கு, அந்தப் பையோடு வாழச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் இந்த மருத்துவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலம் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். பொது அறுவை மூன்று வருடம். அப்புறம் பெரும்பாலும் எம்.சிஎச். குடல் இரைப்பை அறுவை இன்னும் மூன்று வருடம். மலக்குடல் மட்டும்தான் என்று முடிவு செய்தவர்கள் அதற்கு மேல் ஃபெலோஷிப் என்ற தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல் இரைப்பை அறுவைத் துறையை வளர்த்தெடுத்த டாக்டர் என். ரங்கபாஷ்யத்தின் பெயரை எங்கள் சீனியர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். 2002இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

ஏன் இந்தத் துறை என்பதற்கு வருகிறேன். நான் கூட வேலை பார்க்கும் மலக்குடல் அறுவை மருத்துவரை நாங்கள் சார் என்போம். எங்கள் சார் பிஜி படித்தபோது, மூலமும் பௌத்திரமும் (ஆசனவாய் அருகே சீழ் வடியும் புழை) முதல் வருடப் பையன்களின் தலையில் விழும் கேஸ்களாம். யாருக்கும் பிடிக்காது. "நாலு தடவை கத்தி வைத்தும் ஆறாத பௌத்திரத்தோடு வருவார்கள், சிஸ்டர். உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசுவார்கள். வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று ஒருநாள் சொன்னார். அவரை இந்தப் பக்கம் இழுத்தது அந்த நோயாளிகள்தான். லண்டனில் ஃபிரெடரிக் சால்மன் 1835இல் தொடங்கிய சிறிய மருந்தகமும் இப்படிப்பட்ட ஏழைகளுக்காகத்தான். அதுதான் பின்னால் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை ஆயிற்று. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பௌத்திர அறுவை செய்தவரும் சால்மன்தான். மயக்க மருந்து வராத காலம் அது.

புற்றுநோயில் இந்தத் துறை நடந்து வந்த தூரம் பெரியது. 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த அறுவையில் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிடுவார்கள். உயிர் பிழைத்தாலும் காலம் முழுக்கப் பைதான். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் வேலை பார்த்த பில் ஹீல்ட், 1982இல் ஒரு விஷயத்தை எழுதினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும் நிணநீர் முடிச்சுகளும் சேர்ந்த ஓர் உறை இருக்கிறது. கையை விட்டுப் பிரித்தெடுத்தால் அது கிழியும், உள்ளே தங்கியதிலிருந்து நோய் திரும்ப வரும். கண்ணால் பார்த்தபடி, உறைக்கு வெளியே இருக்கும் மெல்லிய தளத்திலேயே கூர்மையாகப் பிரித்து முழுசாக எடுக்க வேண்டும் என்றார். சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்குமான நரம்புகளும் அதனால் தப்புகின்றன. ஊர் ஊராகப் போய் ஆபரேஷன் தியேட்டரில் செய்து காட்டினார். ஸ்டாக்ஹோம் பகுதியில் 1990களில் அந்தப் பயிற்சிக்குப் பிறகு, அதே இடத்தில் நோய் திரும்புவது சுமார் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. ஆசனவாயை எடுக்க வேண்டி வந்தவர்களும் பாதிக்குக் கீழே போனார்கள். புது மருந்து எதுவும் இல்லாமல், கை வேலையைத் திருத்தியதால் கிடைத்த பலன் இது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

எங்கள் சார் எடுத்த குடலைத் தட்டில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். மஞ்சள் கொழுப்பின் மேல் நுங்குத் தோல் போல ஒரு பளபளப்பு இருக்க வேண்டும். எங்காவது கிழிந்திருந்தால் அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபத்தொரு வயது, விவசாயம். ரத்தம் போகிறது என்று போன இடத்தில் மூலம் என்று எட்டு மாதம் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட விரல் விட்டுப் பார்க்கவில்லை. சார் பார்த்த அரை நிமிடத்தில் கட்டி கையில் தட்டியது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ரேடியேஷன் முடிந்து, அறுவைக்கு முதல் நாள் சாயங்காலம் சார் மார்க்கர் பேனாவோடு வந்தார். தற்காலிகப் பை எங்கே வரும் என்று குறிக்க வேண்டும். வழக்கமாக நானே குறித்துவிடுவேன். ஆனாலும் ஒருமுறை வந்து பார்க்காமல் இருக்க மாட்டார்.

"ஐயா, வேட்டியை எங்கே கட்டுவீங்க? கட்டிக் காட்டுங்க."

கட்டினார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். "களை பறிக்கிற மாதிரி குனிங்க" என்றார். வயிற்றில் மடிப்பு விழுந்த இடத்தைத் தவிர்த்து, வேட்டி முடிச்சுக்குக் கீழே, பெரியவரின் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு புள்ளி வைத்தார். முடிச்சு மேலே ஏறி அழுத்தினால் பை ஒழுகும். ஒழுகினால் மனிதர் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்.

நாலு மாதம் கழித்துப் பையை எடுத்துக் குடலைச் சேர்த்தாயிற்று. கொஞ்ச காலத்துக்கு அடிக்கடி போக வேண்டி வரும், அடக்குவதும் சிரமம். அடுத்த முறை ஓபிக்கு வந்தபோது சார் ஸ்கேனை எடுப்பதற்கு முன்னால் கேட்டார்:

"ஐயா, பஸ்ஸில் போக முடியுதா?"

"திருச்சி வரைக்கும் போயிட்டு வந்தேன் சார். நடுவுல ஒரே ஒரு தடவைதான் எறங்கினேன்."

சார் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.