ஊப்ஸ் பாடத்தில் வரையறை எல்லாம் தெரிகிறது, புரோகிராம் எழுத வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேட்டிருப்பவர் கல்லூரி முதலாண்டு மாணவர். ஜாவா மொழியில் ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிடன்ஸ், பாலிமார்பிசம் என்ற நான்கு தூண்களையும் வரையறையோடு எழுதிவிடுகிறார், ஆனால் லேபில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்கிறார்.

முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தின் லேபை நான் சில வருடங்களாக நடத்துகிறேன். என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் இன்ஹெரிடன்ஸ், பாலிமார்பிசம் அளவுக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு வேரியபிளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்ற இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அது பிடிபடாதவரை மேலே படிப்பதெல்லாம் மனப்பாடமாகத்தான் நிற்கும்.

விலங்கு, நாய், பூனை உதாரணங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று இரண்டு வரி அச்சிட்டால் கிளாஸ் எதற்கு என்பது யாருக்கும் புரியாது. அதற்குப் பதிலாக ‘நேரம்’ என்று ஒரு சின்ன கிளாஸ் எடுத்துக்கொள்வோம். கிளாஸ் என்பது அச்சு, அதை வைத்து உருவாக்கும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். உள்ளே மணி, நிமிடம் என்று இரண்டு எண்கள். நிமிடத்தைக் கூட்ட ஒரு மெத்தட், அதாவது கிளாஸுக்குள் எழுதும் செயல். இது போதும், பாதிப் பாடத்தை இதிலேயே பார்த்துவிடலாம்.

‘அ’ என்ற வேரியபிளில் நியூ (புது ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் சொல்) போட்டு 10:45 என்று ஒரு நேரத்தை உருவாக்குகிறீர்கள். அடுத்த வரியில் ‘ஆ’ என்று இன்னொரு வேரியபிளை அறிவித்து, அதில் ‘அ’வை வைக்கிறீர்கள். மூன்றாவது வரியில் ‘ஆ’வோடு 30 நிமிடம் கூட்டுகிறீர்கள். இப்போது ‘அ’வை அச்சிட்டால் என்ன வரும்? லேபில் இதைக் கேட்டால் பாதிப் பேர் 10:45 என்பார்கள். வருவது 11:15. காரணம், ஜாவாவில் அந்த வேரியபிள் ஆப்ஜெக்ட்டைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ்தான் அதில் இருக்கிறது. இரண்டாவது வரியில் நகலானது அந்த ரெஃபரன்ஸ் மட்டுமே. இந்த மூன்று வரியில் நியூ ஒரே முறைதான் ஓடியது, ஆகவே நேர ஆப்ஜெக்ட்டும் ஒன்றுதான். தாளில் ஒரு கட்டம் போட்டு, இரண்டு பெயரிலிருந்தும் அதற்கு அம்புக்குறி போடுங்கள். எந்தப் புரோகிராமைப் படித்தாலும் இந்தப் படத்தைப் போட்டுவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே மூன்று வரியை சி பிளஸ் பிளஸில் சாதாரண வேரியபிள்களை வைத்து எழுதினால் ‘அ’ 10:45 ஆகவே இருக்கும், ஏனென்றால் அங்கே முழு ஆப்ஜெக்ட்டும் நகலாகும். ஜாவா பாடத்துக்கு சி பிளஸ் பிளஸ் வீடியோ பார்த்துப் படிப்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தப் படம் மனதில் நின்றுவிட்டால் இரட்டைச் சமக்குறி (==) விவகாரமும் தானாக விளங்கிவிடும். 10:45 என்று தனித்தனியாக இரண்டு முறை நியூ போட்டு, அவற்றை இந்தக் குறியால் ஒப்பிட்டால் ஃபால்ஸ் வருகிறது. இரண்டு அம்புக்குறியும் ஒரே கட்டத்துக்குப் போகிறதா என்றுதான் அது பார்க்கிறது. உள்ளே இருக்கும் மணியும் நிமிடமும் சமமா என்று பார்க்க ஈக்வல்ஸ் மெத்தடை நீங்களே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஈக்வல்ஸும் அம்புக்குறியைத்தான் பார்க்கும்.

அப்புறம் ஸ்டாடிக், அதாவது தனி ஆப்ஜெக்ட்டுக்கு அல்லாமல் கிளாஸுக்கே சொந்தமானது. புரோகிராம் ஓடத் தொடங்கும் மெயினிலிருந்து ஒரு மெத்தடை நேரடியாகக் கூப்பிட்டதும், ஸ்டாடிக் அல்லாததை இங்கிருந்து கூப்பிட முடியாது என்று கம்பைலர் சொல்லும். உடனே எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டாடிக் சேர்த்து எர்ரரைப் போக்கிவிடுவது லேபில் தினமும் பார்க்கும் காட்சி. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கம்பைலர் கேட்பது ரொம்ப நியாயமான கேள்வி: நிமிடத்தைக் கூட்டு என்கிறாயே, எந்த நேரத்தின் நிமிடத்தை? மெயின் ஓடும்போது அதற்கென்று ஓர் ஆப்ஜெக்ட் கிடையாது. நிமிடத்தையே ஸ்டாடிக் ஆக்கிவிட்டால், எத்தனை நேர ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நிமிடம்தான் இருக்கும். 

இனி என்கேப்சுலேஷன், அதாவது உள்விவரத்தைக் கிளாஸுக்குள்ளேயே மறைத்துக் காப்பது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உயிரே இதுதான், ஆனால் இதைத்தான் மிக மோசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாது என்ற குறிப்பு) போடு, கெட்டர் செட்டர் (மதிப்பைப் படிக்கவும் மாற்றவும் உள்ள மெத்தட்கள்) எழுது, முடிந்தது என்கிறோம். நிமிடத்தை பிரைவேட் ஆக்கிவிட்டு, எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் செட்டர் ஒன்றையும் எழுதினால் என்ன பாதுகாப்பு? 75 என்று கொடுத்தால் 10:75 வரும். நிமிடம் 0 முதல் 59க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தக் கிளாஸின் விதி. அந்த விதியை மீற வெளியே யாருக்கும் வழி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் கிளாஸின் வேலை. நியூ போடும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் சோதியுங்கள், தப்பான எண் வந்தால் எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியுங்கள், தேவையில்லாத செட்டரை எழுதவே எழுதாதீர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. செய்து பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். மணி, நிமிடம் என்ற இரண்டு எண்களையும் எடுத்துவிட்டு, நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று ஒரே எண்ணை வையுங்கள். 10:45 என்பது 645 ஆகிவிடும். 30 கூட்டினால் 675, அறுபதால் வகுத்தால் ஈவு 11, மீதி 15. நள்ளிரவைத் தாண்டினால் 1440-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும். உள்ளே அத்தனையும் மாறிவிட்டது, ஆனால் இந்தக் கிளாஸைப் பயன்படுத்தும் மெயினில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பிரைவேட் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பாலிமார்பிசத்துக்கு ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் தேர்வுக்கேள்விகளில் பாதி விழுந்துவிடும்: எதைக் கூப்பிடலாம் என்பதை வேரியபிளின் வகையை வைத்துக் கம்பைலர் முடிவு செய்கிறது, யாருடைய மெத்தட் ஓடும் என்பதை ஓடும் நேரத்தில் அங்கே இருக்கும் ஆப்ஜெக்ட் முடிவு செய்கிறது. வேரியபிள் பெற்றோர் கிளாஸின் வகை, ஆப்ஜெக்ட் அதன் மெத்தட்களை வாங்கிக்கொண்ட பிள்ளைக் கிளாஸின் வகை என்றால், பிள்ளை ஓவர்ரைடு செய்த (தன் வழியில் மாற்றி எழுதிய) மெத்தட்தான் ஓடும். ஃபீல்டுகளுக்கும் (கிளாஸுக்குள் அறிவிக்கும் வேரியபிள்கள்) ஸ்டாடிக் மெத்தட்களுக்கும் இது பொருந்தாது.

பெற்றோர் கிளாஸிடமிருந்து பிள்ளைக் கிளாஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் இன்ஹெரிடன்ஸை விரிவாகக் கடைசியில் படித்தால் போதும். இந்த வரிசை பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். வரலாற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு: ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் நார்வேயில் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியிலேயே கிளாஸ், ஆப்ஜெக்ட், துணைக் கிளாஸ் மூன்றும் இருந்தன. ஆனாலும் அதைத் தப்பான இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே சான்று இருக்கிறது. அதில் ஸ்டாக் கிளாஸ் வெக்டர் என்ற பட்டியல் கிளாஸை எக்ஸ்டென்ட் செய்கிறது, அதாவது அதன் பிள்ளையாக இருக்கிறது. அதனால் மேலிருந்து மட்டுமே வைத்து எடுக்க வேண்டிய ஸ்டாக்கின் நடுவிலும் எதையாவது செருக முடிகிறது. வெக்டரின் மெத்தட்கள் மொத்தமும் கூடவே வந்துவிட்டதே! ஸ்டாக் தன் விதியைத் தானே காக்க முடியாமல் போய்விட்டது. ஒரு வெக்டரை பிரைவேட் ஃபீல்டாக உள்ளே வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே எக்ஸ்டென்ட்ஸ் எழுதும் முன், பெற்றோர் கிளாஸின் எல்லா மெத்தடும் பிள்ளைக்கும் பொருந்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் ஃபீல்டாக வைப்பதே நல்லது.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? நேரம் கிளாஸை எதையும் பார்க்காமல் முழுதாக எழுதுங்கள்: கன்ஸ்ட்ரக்டர், சோதனை, நிமிடம் கூட்டல், ஈக்வல்ஸ், டூஸ்டிரிங் (அச்சிடுவதற்கான எழுத்தாக மாற்றும் மெத்தட்). ஜாவா 9 முதல் ஜேஷெல் என்ற கருவி கூடவே வருகிறது, ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கலாம். கட்டமும் அம்புக்குறியும் தானே வரைந்து காட்டுவதற்குப் பைத்தான் டியூட்டர் தளம் இருக்கிறது. பெயர் அப்படியே தவிர ஜாவாவுக்கும் உதவும். முதலில் தாளில் வரைந்து, அப்புறம் அதில் சரிபாருங்கள்.

அது முடிந்ததும் ‘அட்டவணை’ என்று இன்னொரு கிளாஸ். அதனுள் நேரங்களின் பட்டியல் ஒன்று, முதல் நேரத்தை வெளியே கொடுக்கும் மெத்தட் ஒன்று. அதை வாங்கியவர் 30 நிமிடம் கூட்டினால் உங்கள் அட்டவணையும் மாறுமா? மாறும் என்று தாளில் தெரிந்ததும், கூட்டல் மெத்தட் பழையதைத் தொடாமல் புது நேர ஆப்ஜெக்ட் ஒன்றைத் திருப்பித் தருமாறு மாற்றி எழுதுங்கள். 2014-இல் ஜாவா 8-உடன் வந்த லோக்கல்டைம் கிளாஸும் இதே வழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஆவணத்தைத் திறந்து, உங்கள் கிளாஸைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மெத்தடாக ஒப்பிட்டுப் பாருங்கள்.