சொல்லாத சேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சியாட்டிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்தேன். மூன்று வாரம் முன்பு ஒரு காலையில் லேப்டாப் திறக்கவில்லை. வேலை போய்விட்டது என்று போனில் மின்னஞ்சல் வந்திருந்தது. இரண்டு மாதச் சம்பளம் தருகிறார்கள், அதுவரை பெயர் ஊழியர் பட்டியலில் இருக்குமாம். அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்1பி விசாவில் இருக்கிறேன். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுவாக ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அந்த 60 நாளில் 39தான் மிச்சம். ஏ.ஐ.தான் எங்கள் வேலையைப் பறிக்கிறதா? எங்கே தப்புச் செய்தேன் என்று யோசித்தே தூக்கம் போய்விட்டது. ஊரில் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆபீஸில் இருப்பதாகவே பேசுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் கணக்கைத் திருத்துங்கள். லேப்டாப் பூட்டிய நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். பொதுவாக, சம்பளம் தரும் கடைசி நாளிலிருந்துதான் அந்த 60 நாள். உங்களுக்கு அது தொடங்கவே இல்லை என்று நினைக்கிறேன். கம்பெனி கொடுத்த கடிதத்தோடு இந்த வாரமே ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். இதைக்கூட விசாரிக்காமல் மூன்று வாரம் என்ன செய்தீர்கள், தம்பி?

ஏ.ஐ. கதையை விடுங்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது 2022 நவம்பர் 9. ஏ.ஐ. பரபரப்பைக் கிளப்பிய சாட்ஜிபிடி வெளிவந்ததே அதே மாதம் 30. ஆளைக் குறைப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

என்னைக் கோபப்படுத்தியது அந்தத் 'தப்பு' என்ற சொல். 2019 முடிவில் மெட்டாவில் சுமார் 45,000 பேர். மூன்றே வருடத்தில் 87,000. ஊரடங்கில் உலகமே இணையத்தில் குடியிருந்தது, கடனுக்கு வட்டி கிட்டத்தட்ட இல்லை, ஆளை அள்ளிப் போட்டார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது, விளம்பர வருமானமும் படுத்தது. 'நான் போட்ட கணக்கு தப்பு, பொறுப்பு என்னுடையது' என்று மெட்டா தலைவர் ஸக்கர்பெர்க்கே ஊழியர்களுக்கு எழுதினார். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைத்தபோது சுந்தர் பிச்சையும் முழுப் பொறுப்பேற்றார். இருவரும் அதே நாற்காலியில்தான் இருந்தார்கள். பெரியவர்கள் பொறுப்பை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகு, நீங்கள் எந்தப் பொறுப்புக்காகத் தூக்கம் கெடுகிறீர்கள்?

சரி, உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? 2001இல் நான் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருந்தேன். மென்பொருள் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் பங்குச்சந்தைக் குறியீடு விழுந்துகொண்டே இருந்தது, 2002 அக்டோபருக்குள் உச்சத்திலிருந்து ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. உங்களுடைய 60 நாள் விதி 2017இல் வந்தது. எங்களுக்கு ஒரு நாள்கூட இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேர். அதில் ஒருவன் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு, இடுப்பில் அடையாள அட்டையை மாட்டி, காலித் தயிர் டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு எட்டரைக்குக் கிளம்புவான். ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு வேலை போனது. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகக் கூசி, நகர நூலகத்துக்குப் போனேன். மூலை மேஜையில் அவன். பக்கத்தில் தயிர் டப்பா. அவனுக்கு வேலை போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. இருவரும் பேசவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சாதத்தை மூடியில் பாதி போட்டுக் கொடுத்தான். எலுமிச்சை தூக்கலாக இருந்தது. மறுநாளிலிருந்து இரண்டு டப்பா.

அவன் அந்த மாதமே ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டான். நான் சொல்லவில்லை. அப்புறம் வேறு வேலை கிடைத்ததும், பழையதை நானே விட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் அளந்தேன். அவர் 2009இல் போகிறவரை, 'என் பையன் அமெரிக்காக்காரன் வேலையையே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சவன்' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சியாட்டிலில் இரவு எட்டு என்றால் ஊரில் மறுநாள் காலை எட்டரையாவது இருக்கும். உங்கள் அப்பா பேப்பர் படித்து முடித்திருப்பார். இன்றைக்கே கூப்பிடுங்கள்.