குசினிக் கேள்வி – பதில்: பிரட்டி வைப்பதும் வீட்டுச் சோஸும்

காலையில் வேலைக்குப் போகுமுன் கோழியை உப்பு, மிளகாய்த் தூள், இரண்டு தேசிக்காயின் புளி சேர்த்துப் பிரட்டி பிரிட்ஜில் வைக்கிறேன். இரவில் பொரித்தால் மேற்பக்கம் மாவாக உதிர்கிறது. எலும்போரத்தில் உப்பே இல்லை. ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

உங்கள் கோழிக்குப் புளி கூடிவிட்டது, நேரமும் கூடிவிட்டது. தேசிக்காய்ப் புளி இறைச்சியின் மேற்பரப்பைத்தான் பிடிக்கும். அங்குள்ள புரதம் முதலில் வெள்ளையாகி இறுகும், பிறகு நைந்துபோகும். பத்து மணிநேரம் ஊறினாலும் எலும்பு வரைக்கும் அது போகாது. மிளகாய், மஞ்சள், உள்ளி எல்லாமே தோலோரத்தில் நிற்பவைதான். நேரம் கொடுத்தால் உள்ளே இறங்குவது உப்பு மட்டுமே. ஆகவே காலையில் உப்பு, மாலையில் புளி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ கோழித் துண்டுக்கு அளவு இது: உப்பு ஒன்றேமுக்கால் தேக்கரண்டி (ஏறத்தாழ 10 கிராம்), மிளகாய்த் தூள் 2 தேக்கரண்டி, மிளகுதூள் 1 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி, உள்ளி அரைத்தது ஒவ்வொன்றும் 1 மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி. சட்டியில் விற்கும் எருமைத் தயிர் இதற்கு மிக நல்லது. அதன் புளிப்பு மென்மையானது, துண்டோடு ஒட்டியும் நிற்கும். மேலே தேங்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள். துண்டுகளை முதலில் துணியால் ஒற்றி, தொடையிலும் காலிலும் எலும்பு தொடும்வரை இரண்டு மூன்று கீறல் போட்டால் உப்பு போகவேண்டிய தூரம் குறையும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். அலுமினியம் புளியோடு சேர்ந்தால் உலோகச் சுவை வரும்.

வேலை முடிந்து வந்ததும் 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி சேர்த்து அரை மணிநேரம் விட்டால் போதும். பொரிக்குமுன் கூடுதல் மசாலாவை வழித்தெடுங்கள். எண்ணெய்க்குள் உதிரும் தூள்தான் கருகிக் கசப்பது. அவணில் என்றால் 200 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 74 பாகை காட்ட வேண்டும். கித்துள் பாணியோ சீனியோ பூச விரும்பினால் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசுங்கள், முன்னதாகப் பூசினால் கோழி வேகுமுன் அது கருகிவிடும். பச்சைக் கோழி ஊறிய மசாலாவைச் சோஸாக ஊற்ற ஆசைப்பட்டால் நன்றாகக் கொதிக்கவிடாமல் தொடவே வேண்டாம்.

மாட்டிறைச்சிக்கு டின் அன்னாசி சேர்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த முறை பப்பாசிக்காய் அரைத்துப் பூசி இரவு முழுக்க வைத்தேன், களியாகிவிட்டது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

இரண்டிலும் வேலை செய்வது நொதியம். அன்னாசியை டின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் அதன் நொதியம் அழிந்துவிடும். இனிப்பும் புளிப்பும் மட்டும் மிஞ்சும். பச்சை அன்னாசிச் சாறு என்றால் இருபது நிமிடமே அதிகம்.

பப்பாசிக்காயின் நொதியம் அடுப்பில் வைத்த பிறகும் சும்மா இருப்பதில்லை. இறைச்சி சூடாகி 60, 70 பாகையைக் கடக்கும் நேரத்தில்தான் அது மிக வேகமாக அறுக்கும். அதற்கு மேல் சூடானால் செத்துவிடும். ஆகவே அரைக் கிலோவுக்குத் துருவிய காய் 1 மேசைக்கரண்டி, ஒரு மணிநேரம், பிறகு நன்றாகக் காய்ந்த தாச்சியில் போட்டுச் சட்டென்று சமைத்துவிட வேண்டும். மெல்லிய தீயில் மெதுவாகச் சூடேற்றினால் மறுபடியும் களிதான்.

ஒன்றரை மணிநேரம் வேகும் கறிக்கு இது தேவையே இல்லை, அங்கே நேரமே இறைச்சியை இளக்கிவிடும். விரைவாக வதக்கும் கீற்றுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாரின் குறுக்கே வெட்டினாலே பாதிக் கடினம் போய்விடும்.

கடையில் வரும் டெவல் கோழியில் சோஸ் பளபளவென்று துண்டைப் பிடித்திருக்கும். வீட்டில் கோன்ஃபிளவர் போட்டும் மேசைக்கு வரும்போது தண்ணீராக ஓடுகிறது.
– வாசகி, தெஹிவளை

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். மா சேர்த்தபின் சோஸ் குமிழ் விட்டுக் கொதிக்கவில்லை என்றால் மா முழுதாக வீங்காது. வினாகிரியை முன்னதாக ஊற்றி நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பு மாவின் பிடிப்பை உடைக்கும். வெங்காயம், கறிமிளகாய், தக்காளி சோஸுக்குள் கிடந்து தண்ணீர் விடலாம். நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை: ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விடுவது. உமிழ்நீரிலும் மாவைக் கரைக்கும் நொதியம் உண்டு.

அரைக் கிலோ கோழிக்கோ கணவாய்க்கோ: தக்காளிச் சோஸ் 4 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் 2 தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி, தண்ணீர் கால் கப். இதைத் தனியாகக் கொதிக்கவைத்து, 1 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்த 1 தேக்கரண்டி கோன்ஃபிளவரை விட்டுக் கிளறுங்கள். மாவைச் சூடான சோஸில் நேரே தூவினால் கட்டிபடும். ஒரு நிமிடம் குமிழ்விட்டதும் இறக்கி, வினாகிரி 1 மேசைக்கரண்டி சேருங்கள். காய்களை வேறு தாச்சியில் உச்சத் தீயில் இரண்டே நிமிடம் புரட்டி, பொரித்த கோழியையும் சோஸையும் பரிமாறும் நேரத்தில் ஒன்றாக்குங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸிலேயே ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்பு இருக்கிறது.

அப்படியானால் தக்காளிச் சோஸையும் வீட்டிலேயே செய்யலாமா? பிள்ளைகள் அதிகம் சாப்பிடுகிறார்கள்.
– வாசகி, பம்பலப்பிட்டி

கட்டாயம் செய்யலாம். தக்காளி விலை இறங்கும் நாட்களில் சிவக்கப் பழுத்ததாக ஒரு கிலோ வாங்குங்கள். அதை வெட்டி, சிறிய வெங்காயம் ஒன்று, உள்ளி 2 பல், செத்தல் மிளகாய் 3, கராம்பு 4, ஒரு அங்குலம் கறுவா சேர்த்து, மூடி 15 நிமிடம் வேகவைக்க வேண்டும். கறுவாவையும் கராம்பையும் எடுத்துவிட்டு அரைத்து, அரிதட்டில் வடியுங்கள். தோலும் விதையும் தங்கினால் எவ்வளவு சுண்டினாலும் மினுங்காது.

வாய் அகன்ற பாத்திரத்தில் 1 தேக்கரண்டி உப்போடு சுண்டவிடுங்கள். மூன்றில் ஒரு பங்காக வர 40 நிமிடமாவது செல்லும். கடைசிப் பத்து நிமிடத்தில் சீனி 4 மேசைக்கரண்டி, இறக்குமுன் வினாகிரி 60 மில்லிலீற்றர். சீனியை முதலிலேயே போட்டால் அடிப்பிடித்துப் பழுப்பாகும். வினாகிரியின் மணமோ கொதியில் பறந்துவிடும். பதம் பார்க்க, ஆறிய தட்டில் ஒரு கரண்டி வையுங்கள். சோஸைச் சுற்றித் தண்ணீர் வளையம் பரவினால் இன்னும் சுண்ட வேண்டும்.

பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்து உலர்ந்த போத்தலில் சூடாக நிரப்பி, ஆறியதும் பிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்கலாம். கடைச் சோஸ்போல் மேசையில் வைக்க முடியாது, கொழும்பு வெக்கையில் சில நாட்களிலேயே நுரைக்கும்.

உள்ளியை எண்ணெயில் ஊறப்போட்டு அலுமாரியில் வைத்தால் எத்தனை நாள் நிற்கும்?
– வாசகர், மட்டக்குளி

ஒரு நாளும் வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று இல்லை, உள்ளியில் புளிப்பும் இல்லை. பொட்டுலிசம் என்ற கடும் நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளர இந்த இரண்டும் போதும். அது வந்தால் மணமோ நிறமோ மாறிக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தேவையான அளவு மட்டும் செய்து, பிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடியுங்கள். அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள்.

மீனுக்கு எவ்வளவு நேரம்?
– வாசகி, கிராண்ட்பாஸ்

அறுக்குளாத் துண்டுக்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூளோடு அரை மணிநேரம். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும். இறாலுக்கும் அதே பதினைந்து. புளியில் மீன் வெள்ளையாவதை வெந்ததாக எண்ண வேண்டாம், கிருமிகள் அப்படியே இருக்கும். சூரை, கெலவல்லா போன்றவற்றை வாங்கியதும் நேரே பிரிட்ஜுக்குள் வையுங்கள். வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து உடம்பு அரிப்பது அதனால்தான். எந்த மசாலாவும், எவ்வளவு வேகவைத்தாலும், அதை நீக்காது.