அந்த இருமலை வீடியோ எடுங்கள்

உங்கள் பூனையின் அரிப்புக்காக எடுத்த ஒவ்வாமை ரத்தப் பரிசோதனைத் தாளில் கோழி, மீன், முட்டை, அரிசி எல்லாமே சிவப்பில் வந்துவிட்டது, "இனி என் பூனை எதைத் தின்று உயிர் வாழும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை தின்றதையே இன்றும் கொடுங்கள், அம்மா. பூனையின் உணவு ஒவ்வாமையை ரத்தத்தையோ முடியையோ எச்சிலையோ வைத்து உறுதிசெய்ய முடியாது. நன்றாக இருக்கும் பூனைக்கும் இந்தத் தாளில் சிவப்பு வரும். இணையத்தில் பார்த்துக் காசைக் கொட்டியது போதும்.

என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. "அவ்வப்போது இருமுகிறாள், முடியுருண்டைதான்" என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நக்கி விழுங்கிய முடி உருண்டையாக வெளியே வந்து விழுந்ததா? தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னே நீட்டி, தொடர்ந்து இருமிவிட்டு, ஒன்றும் வராமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுந்து போகிறாள் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அடுத்த முறை உடனே போனில் படம் பிடியுங்கள். மருத்துவர் மேசையில் ஏற்றியதும் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது. அவள் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால், வீடியோவோடு இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். அதைத் தாண்டினால் அன்றைக்கே போங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ, நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிட வேண்டும்.

அதுவரை கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் அவள் இருக்கும் அறையில் வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் புழு போன்றவை இல்லை என்று பார்த்துவிட்டு, ஆஸ்துமாதான் என்றால் சிறு முகமூடி பொருத்திய ஸ்பேசர் என்ற குழாய் வழியாக இன்ஹேலர் கொடுக்கலாம். பெரும்பாலான பூனைகள் பழகிக்கொள்ளும். பல ஆண்டுகள் நன்றாகவும் வாழும்.

இனி அரிப்புக்கு வருவோம். அவள் வயிற்று முடியை நக்கி நக்கியே உதிர்ப்பதற்கும், வாலடியில் பொருக்கு கட்டுவதற்கும் என் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. "ஒன்றுகூட இல்லை" என்கிறீர்கள். அரிப்பெடுத்த பூனை தெள்ளை நக்கி விழுங்கிவிடும், கண்ணில் படாது. பேன் சீப்பால் வாலடியில் வாரி, விழும் கருப்புப் பொடியை நனைத்த வெள்ளைப் பஞ்சில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் கழிவு. உள்ளே இருப்பது உங்கள் பூனையின் ரத்தம். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை, குறைந்தது 3 மாதம் போட வேண்டும். முட்டையும் புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும்; அவற்றையும் சுத்தம் செய்யுங்கள்.

நாய்க்கான தெள்ளு மருந்தைப் பாதி அளவு போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். நாய்களுக்கான பல தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு. பூனைக்கு அது நடுக்கம், வலிப்பு, சாவு வரை கொண்டுபோகும். போட்டு 2 வாரமாகியும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இம்முறை தப்பினாள். மனிதர்களுக்கான மாத்திரையும் கொடுக்காதீர்கள்: பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம். நீங்களாகக் கொடுக்கும் செட்ரிசினையும் நிறுத்துங்கள்.

பூனையின் ஒவ்வாமை உங்கள் மகனுக்குத் தொற்றாது. படர்தாமரை தொற்றும், அது பூனைக்கு இல்லை என்று மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தெள்ளு ஒழிந்த பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால்தான் உணவைச் சந்தேகிக்க வேண்டும். அவள் இதுவரை தின்றிராத முயல் அல்லது வாத்து இறைச்சியில் செய்த உணவை, மருத்துவர் சொல்லும் முறையில் 8 வாரம் கொடுத்துப் பாருங்கள். இடையில் ஒரு துண்டு மீன்கூடக் கூடாது. அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். மறுபடியும் சொறிந்தால்தான் உணவு ஒவ்வாமை உறுதி. புது உணவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள் என்றால், "பசித்தால் தின்பாள்" என்று விட்டுவிடாதீர்கள். பூனை 2, 3 நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் பழைய உணவையே வைத்துவிட்டு, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.