முடிச்சுக் கணக்கை மற்ற ஆசிரியர்களிடம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோபி பக்கம் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கோடை விடுமுறையில் முடிச்சுக் கோட்பாட்டை, அதாவது எந்த முடிச்சை வெட்டாமல் அவிழ்க்கலாம், எதை முடியாது என்று பார்க்கிற கணக்கை, நானாகவே படிக்க ஆரம்பித்தேன், பாதிதான் புரிந்திருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் தந்திருக்கிறார்கள். இருபது பேர் இருப்பார்கள். எதைச் சொல்வது? பாதி தெரிந்துகொண்டு போய் நிற்கலாமா?

பதில்: தாராளமாக நிற்கலாமுங்க டீச்சர். எந்த இடத்தில் தடுக்கியது என்பது உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது, முழுக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் மறந்துபோய்விடுகிறது.

ப்ரொஜெக்டர் வேண்டாம், கயிறு கொண்டுபோங்கள். நம்மூரில்தான் கிடைக்கிறதே என்று பொள்ளாச்சி தேங்காய் நார்க்கயிற்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சொரசொரவென்று இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது, இந்தக் கணக்கே கயிறு வழுக்கி நகர்வதில்தான் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் யாராவது தெரிந்திருந்தால் டிராக் பேண்ட்டுக்குப் போடும் நாடா கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை மீட்டர் போதும்.

முதலில் எல்லோரையும் சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று போடச் சொல்லி, இரண்டு முனைகளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். இனி வெட்டாமல் அவிழ்க்க வேண்டும். அடுத்து, மாட்டைக் கட்டும்போது நுனியை இழுத்தால் சட்டென்று விட்டுவிடுகிற மாதிரி சுருக்கு போடுகிறோம் இல்லையா, அதைப் போட்டு முனைகளை அதே மாதிரி அடியுங்கள். சுருக்கு உருவிக்கொண்டு வெறும் வளையம் ஆகிவிடும், முதலாவது மட்டும் அடம்பிடிக்கும். தோட்டத்தில் இரண்டுக்குமே முடிச்சு என்றுதான் பேர், கணக்கில் சுருக்கு முடிச்சே இல்லை. முதலாவதற்கு மூவிலை முடிச்சு என்று பேர். பேரை அப்புறம் சொன்னால் போதும்.

இங்கே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து நிமிடம் பார்த்தும் அவிழவில்லை, சரி, அவிழவே அவிழாது என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் ஒரு மணி நேரமும் இந்தக் கேள்விக்குத்தான். கண்ணை நம்ப முடியாது. 19ஆம் நூற்றாண்டில் போட்ட முடிச்சு அட்டவணைகளில் பத்துக் குறுக்குகள் (கயிறு தன்மேலேயே குறுக்கே போகும் இடங்கள்) கொண்ட இரண்டு முடிச்சுகள் வேறு வேறு என்று இருந்தன, இரண்டும் ஒன்றேதான் என்று 1970களில் கென்னத் பெர்கோ என்ற நியூயார்க் வழக்கறிஞர் காட்டும்வரை யாருக்கும் தெரியவில்லை.

பதில் மூன்று கலர் சாக்பீஸில் இருக்கிறது. முடிச்சைப் பலகையில் வரையுங்கள், கயிறு அடியில் போகும் இடத்தில் கோட்டில் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கோட்டுக்கும் ஒரு கலர். ஒவ்வொரு குறுக்கிலும் மூன்று கோடுகள் சந்திக்கும், மேலே போவது ஒன்று, அடியில் நுழைந்து வெளிவருவது இரண்டு. அந்த மூன்றும் ஒரே கலராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றும் மூன்று கலராக இருக்க வேண்டும், மொத்தப் படத்தில் இரண்டு கலராவது வர வேண்டும். மூவிலையில் மூன்றே கோடுகள், ஆளுக்கொரு கலர், முடிந்தது. வெறும் வளையத்துக்கு ஒரே கோடு, அதனால் முடியாது.

கயிற்றை நகர்த்தினால் இது மாறிவிடாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கயிற்றின் எந்த நகர்த்தலும் மூன்று சின்ன அசைவுகளுக்குள் அடங்கிவிடும் என்று 1920களில் ரைடமைஸ்டர் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் காட்டினார். கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கிச் சுருள் போட்டால் மேலே போவதும் அடியில் நுழைவதில் ஒன்றும் ஒரே கோடு, அதனால் மிச்சமிருப்பதும் அதே கலர்தான். ஒரு கயிற்றை இன்னொன்றின்மேல் தள்ளிவைத்தால் அடியில் மாட்டிக்கொண்ட துண்டு மட்டும் மூன்றாவது கலருக்குப் போய், வெளியே வந்ததும் பழைய கலருக்குத் திரும்பிவிடும், இரண்டும் முன்பே ஒரே கலர் என்றால் எதுவுமே மாறாது. மூன்றாவது அசைவை, அதாவது ஒரு குறுக்கைத் தாண்டி இன்னொரு கயிற்றை நகர்த்துவதை, வீட்டுவேலையாகக் கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் நீளம். ஆக எப்படி நகர்த்தினாலும் மூவிலை வளையம் ஆகாது.

இப்போது நான்கு குறுக்குகள் உள்ள, 8 வடிவில் இருக்கும் 'எட்டு முடிச்சு' ஒன்றைக் கொடுங்கள். மூன்று கலர் பொருந்தாது. "அப்ப இது அவிழ்ந்துருங்க" என்று பின் வரிசையிலிருந்து குரல் வரும். அவிழாது! நாடாவைக் கொடுத்து முயலச் சொல்லுங்கள். கலர் பொருந்தினால் அவிழாது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும், அதன் மறுதலை உண்மையில்லை. எட்டு முடிச்சைப் பிடிக்க மூன்று கலருக்குப் பதில் ஐந்து எண்கள் வேண்டும், 5ஆல் வகுத்து வரும் மீதியை வைத்துச் செய்வது, அது இன்னொரு கூட்டத்துக்கு. "இது சிலபஸில் எங்கே வருது?" என்பவர்களுக்கு டிஎன்ஏ, மருத்துவம் என்று பெரிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. மறுதலை சிலபஸில்தான் இருக்கிறது, நாம் அதை இவ்வளவு உறைக்கிற மாதிரி நடத்துவதில்லை.

நேரம் மிஞ்சினால் கோலம். மூன்று இதழ் உள்ள சிக்குக் கோலத்தை ஒரே இழையில் போட்டு, மூன்று குறுக்கிலும் எது மேல், எது கீழ் என்று பூவா தலையா போட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். எட்டு விதமாக வரும், அதில் இரண்டுதான் மூவிலை, மிச்சம் ஆறும் வெறும் வளையம். நிகழ்தகவு கால் பங்கு. ஆளுக்கு ஒன்று போட்டு எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்டேப்ளர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதன்முதலில் செலோ டேப் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு சார் ரொம்ப நேரம் திரும்பி உட்கார்ந்து போராடிவிட்டு, "அவுத்துட்டேனுங்க!" என்று மூவிலையை நேராக்கித் தூக்கிக் காட்டினார், டேப் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.