பெனிபிட் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? சில கேள்விகள், பதில்கள்

பிப் (நோய், மாற்றுத்திறனால் அன்றாடம் சிரமப்படுவோருக்கான பிரிட்டன் அரசு உதவித்தொகை, PIP), யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாதாந்த உதவித்தொகை) முடிவுகளை எதிர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறைப்படி. ஸ்கொட்லாந்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி (ஹரோ): அக்கா, பிப் இல்லை என்று கடிதம் வந்தது. மறுபரிசீலனை கேட்டேன், அதற்கும் அதே பதில். இனியும் இழுப்பதில் பயன் உண்டா?

உண்டு. பெரும்பாலானவர்கள் கைவிடும் இடம் இதுதான். மறுபரிசீலனை செய்பவர், முதல் முடிவை எடுத்த அதே வேலை, ஓய்வூதியத் துறையின் (DWP) இன்னொரு அதிகாரி. அடுத்த படியான தீர்ப்பாயம் (மேன்முறையீட்டைக் கேட்கும், நீதிமன்றம் போன்ற அமைப்பு) அந்தத் துறையைச் சேர்ந்ததல்ல. பிப் வழக்கில் நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அறிந்த ஒருவர் என மூன்று பேர் கோப்பை முதலிலிருந்து பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. விசாரணை வரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல ஆண்டுகளாக விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. மறுபரிசீலனைக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு போய்ச் சேர வேண்டும். பிந்திவிட்டதா? காரணத்தை எழுதி அனுப்புங்கள். அதற்கு மேல் 12 மாதம் வரை ஏற்றுக்கொள்ள இடமுண்டு.

கேள்வி (டூட்டிங்): ஜிபி (குடும்ப மருத்துவர்) கொடுத்த கடிதத்தில் "நாள்பட்ட முதுகுவலி" என்று மட்டும்தான் இருக்கிறது. இது போதுமா?

போதாது. பிப் நோயின் பெயருக்குக் கொடுப்பதல்ல, அன்றாட வேலைகளுக்குப் புள்ளி போட்டுக் கொடுப்பது. அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் கூடிய விகிதம். ஆகவே கடிதம் எழுதுபவரிடம் "சமைக்கும்போது என்ன ஆகிறது, குளிக்கும்போது என்ன ஆகிறது" என்று கேட்டு எழுத வையுங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால்தான் ஒரு எளிய சாப்பாடு சமைக்க முடியும் என்றால் அதற்கே 2 புள்ளி உண்டு.

"செய்ய முடியும்" என்றால் என்ன என்பதற்கும் விதி இருக்கிறது. ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு மிச்ச நாள் முழுக்கப் படுத்துவிட்டால் அது முடிந்த கணக்கில் வராது. பாதி நாட்களுக்கு மேல் சிரமம் இருந்தால் போதும், தினமும் இருக்க வேண்டியதில்லை. வலிப்பு மாதிரி எப்போதாவது வருவதாக இருந்தாலும், வந்தால் பெரிய ஆபத்து என்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேல் தீர்ப்பாயம் (முதல் தீர்ப்பாயத்துக்கு அடுத்த மேல்நிலை) 2017-இல் சொல்லிவிட்டது.

அப்புறம், நம்மவர்களிடம் ஒரு பழக்கம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்போம். மதிப்பீட்டு அறிக்கையில் அதுதான் ஏறும். அங்கே மரியாதை பார்க்காதீர்கள்.

இன்னொன்று: தீர்ப்பாயம் பார்ப்பது முடிவு எடுத்த நாளில் நீங்கள் இருந்த நிலையை. அதற்குப் பிறகு மோசமாகியிருந்தால் அதைத் துறைக்குத் தனியாக அறிவிக்க வேண்டும், அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): மேன்முறையீடு போட்டால் இப்போது கிடைப்பதும் போய்விடுமா?

போகலாம். தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்க முடியும். குறைக்கும் எண்ணம் இருந்தால் வழக்கமாக முன்கூட்டியே எச்சரிப்பார்கள். குறைந்த விகிதத்தைக் கூட்டிக் கேட்பவர்கள் யாராவது ஆலோசகரிடம் கோப்பைக் காட்டிவிட்டு இறங்குவது நல்லது.

கேள்வி (க்ரொய்டன்): அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் மொழிபெயர்க்கலாமா?

துணைக்குப் போகலாம், மொழிபெயர்ப்பாளராக உங்களை ஏற்க மாட்டார்கள். அவர்களே இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்வார்கள். படிவத்திலேயே இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்றும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): யுனிவர்சல் கிரெடிட்டில் அவர்கள் பிழையால் கூடுதலாகப் பணம் வந்தது. இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். என் தவறே இல்லை தம்பி என்று நீதிபதியிடம் சொன்னால் விடுவாரா?

ஐயா, 2012 சட்டப்படி துறையின் பிழையாக இருந்தாலும் அந்தப் பணத்தை அறவிடலாம். (நான் தம்பி இல்லை, அக்கா. பரவாயில்லை.) தொகை சரியா, உங்களுக்கு உரிமை இருந்ததா என்பதைத்தான் தீர்ப்பாயத்தில் கேட்க முடியும். ஆனால் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் துறைக்கு எழுதலாம். உங்கள் வருமானம், செலவு, உடல்நிலை, அவர்கள் சொன்னதை நம்பி என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதை மறுத்தால் வழி நீதிமுறை மீளாய்வு (அரசின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது). தாமதிக்காமல், எப்படியும் 3 மாதத்துக்குள் போட வேண்டும். சொலிசிட்டர் (வழக்கறிஞர்) இல்லாமல் இறங்காதீர்கள். முதல் நிலைத் தீர்ப்பாயத்துக்கு (இதுவரை தீர்ப்பாயம் என்று சொன்னது இதுதான்) வழக்குச் செலவுக்கான அரசின் சட்ட உதவி 2013-இலேயே நின்றுவிட்டது. நீதிமுறை மீளாய்வுக்கு, வருமானம் குறைவாக இருந்தால், இன்னும் கிடைக்கும்.

கேள்வி (வெம்ப்ளி): தீர்ப்பாயத்திலும் தோற்றுவிட்டேன். கோர்ட்டுக்குப் போகலாமா?

முதலில் ஒரு மாதத்துக்குள் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். மேல் தீர்ப்பாயம் சட்டப்பிழையை மட்டுமே பார்க்கும். "என்னை நம்பவில்லை" என்பது தனியாக நின்றால் சட்டப்பிழை ஆகாது. முக்கியமான சான்று ஒன்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் முடிவு சொல்லியிருந்தால் அது ஆகலாம். அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது.

ஒரு விதியே கோணலாக இருந்தால் நீதிமன்றம் அதையும் பார்க்கும். சம்பள நாள் வார இறுதியில் விழுந்ததால் ஒரே மதிப்பீட்டுக் காலத்தில் (வருமானத்தைக் கணக்கிடும் ஒரு மாதம்) இரண்டு சம்பளம் கணக்காகி, யுனிவர்சல் கிரெடிட் ஏறி இறங்கிய நான்கு தனித்தாய்மார் வழக்குப் போட்டார்கள். இதற்கு வழி செய்யாமல் விட்டது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று 2020 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு விதி மாறியது.

கேள்வி (கிளாஸ்கோ): எங்களுக்கும் இதேதானா?

இல்லை. அங்கே பிப்புக்குப் பதிலாக வயதுவந்தோர் மாற்றுத்திறன் கொடுப்பனவு. மறுமுடிவு (அங்கே மறுபரிசீலனைக்குப் பெயர்) கேட்க 42 நாள் உண்டு. ஏற்கனவே கிடைத்ததைக் குறைத்திருந்தாலோ நிறுத்தியிருந்தாலோ, வழக்கு முடியும் வரை குறுகியகால உதவித்தொகை கேட்கலாம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.