ஆடிப் பட்டம் ஈசூனுக்குப் பொருந்துமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. போன கார்த்திகையில் பிள்ளைகளோடு போட்ட வெண்டை நெட்டையாக வளர்ந்து பூக்காமலே போய்விட்டது. ஆடி பிறந்ததும் போடச் சொல்கிறார் மாமியார். இணையத்தில் ஒருவர் 'ஆடிப் பட்ட கிட்' விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவது ஒரு பிடி தேங்காய்நார்த் தூளும் சின்னத் தொட்டியும்தான். வெண்டைக்கு ஓரடி ஆழமாவது வேண்டும். விதை பாக்கெட்டைத் தேக்காவிலேயே (லிட்டில் இந்தியா) வாங்கிக்கொள்ளலாம்.

ஊரில் ஆடி என்பது மழைக் கணக்கு. இங்கே ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. உங்களுக்குக் குறைந்தது வெயில். மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் இருபது வாக்கில் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. கார்த்திகையில் உங்கள் தாழ்வாரத்தில் நேர் வெயிலே விழாது. வெளிச்சத்தைத் தேடித்தான் செடி நெட்டையாகப் போனது. உரம் போட்டாலும் பூத்திருக்காது.

வெண்டை காய்க்க ஏறக்குறைய 50 நாள். ஆடியில் போட்டால் காய் பறிக்கும் நேரத்தில் வெயில் விடைபெறும். சித்திரைக் கடைசியில் போடுங்கள். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு.

இதற்கு ஒரு விலக்கு. எதிர் பிளாக் நெருக்கமாக இருந்தால் ஜூனிலும் வெயில் வராது. சூரியன் வடக்கே நிற்கும் மாதங்களில் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் தொட்டி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தரித்ததுபோல் விழுந்தால் நேர் வெயில் உண்டு. மங்கலாக விழுந்தால் வானத்து வெளிச்சம் மட்டும்தான். மேகமில்லாத நாளில் பாருங்கள், தரையில் பார்க்காதீர்கள். தரையில் கட்டைச்சுவரின் நிழல்தான் விழும், ஏமாந்துவிடுவீர்கள். இரண்டு வேளையும் மங்கலா? வெண்டையை மறந்துவிட்டு வல்லாரையோ பண்டான் இலையோ வையுங்கள்.

தொட்டியை ஸ்டாண்டில் உயர்த்தலாம். கட்டைச்சுவர்மேல் வைக்கவே கூடாது, விழுந்தால் கீழே போகிறவர் தலை. நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். வழிக்குத் தீயணைப்பு விதி, தாழ்வாரத்துக்கு நகர மன்றம், கொசுவுக்குச் சுற்றுப்புற வாரியம், தோட்டத்துக்குப் பூங்காக் கழகம். நாலு தொட்டி வைக்க நாலு கதவு தட்ட வேண்டும்! ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தொட்டிக்கு அடித்தட்டே வேண்டாம் என்பேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டு காய்ந்தாலும் டெங்கிக் கொசு முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு இன்னும் இடம் வேண்டுமென்றால் பூங்காக் கழகம் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்திகளை மூன்றாண்டுக்கு வாடகைக்கு விடுகிறது. குலுக்கல் முறை. 'ஆள் தெரியும், பாத்தி வாங்கித் தருகிறேன்' என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பெயரை நீங்களே கழகத்தின் இணையத்தளத்தில் பதியலாம். அதுவரை பிளாக்கிற்குக் கீழே சமூகத் தோட்டம் இருந்தால் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு இறங்கிப் போய்க் கேளுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.